மச்சம் எந்தப் பக்கம்

கதவைத் திறந்ததும் முகக்காரியின் கண் வந்தவளின் கன்னத்தில் போய் நின்றது.

வாசலில் நின்றவளுக்கு மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. உள்ளே மேஜைமேல் அவளுக்காகக் காத்திருந்த பொம்மைக்கோ வலது கன்னத்தில்.

"வாங்க, உக்காருங்க. கடைசியா ஒரு கை பாத்துட்டுத் தந்துடறேன்."

முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்லிவிட்டாள். முகங்களோடேயே பிழைப்பவளுக்குத் தன் முகத்தை அடக்கவா தெரியாது?

முகக்காரி என்பது பார்சல் கொண்டுவருகிறவர் வைத்த பெயர். நீல இமையும் ரத்தச் சிவப்பு உதடுமாகக் கம்பெனி அனுப்பும் வினைல் பொம்மைகளின் மேக்கப்பை, நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சும் வைத்து வழித்தெடுத்து, உரித்த முட்டை மாதிரி ஆக்கி, அதன்மேல் மனித முகம் வரைவது அவள் தொழில். பொம்மைகளுக்குப் பியூட்டி பார்லர் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். இந்த வேலையில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இந்தப் பொம்மைக்கு ஒரு படம்தான் வந்தது. முகம் மட்டும் தெரியும் படம். கூடவே ஒரு வரி: 'அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பார்த்த உடனே அம்மாவுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.'

எங்கோ தூரதேசம் போகிற மகள், தன் முகத்தை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள் என்று முகக்காரி நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு வரிக்காகவே உயிரைக் கொடுத்து வரைந்தாள். கண், புருவம், உதடு எல்லாம் முடிந்து மனசு நிறைந்த பிறகு, கடைசியாகத்தான் மச்சம். எப்போதும் அதுதான் அவள் வழக்கம், கையெழுத்துப் போடுவது மாதிரி.

அதிலா கோட்டை விட்டாள்?

தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும் படத்தில் போன் இடவலத்தை மாற்றிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடமே அதுதான். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தானே போய் விழுந்திருக்கிறாள்.

பரவாயில்லை. ஆள் இப்போதே வந்து நின்றது நல்லதாகப் போயிற்று. அம்மா கையில் போய்ச் சேர்ந்தபின் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உள்ளே போனாள். கூர்மையான பஞ்சுக் குச்சியை ரிமூவரில் தொட்டு, உதறி, மச்சத்தின்மேல் வைத்துச் சுழற்றினாள். மச்சம் போயிற்று. துடைத்த இடத்தில் சாயப்பொடியைத் தடவிச் சரிசெய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கன்னத்தில் தூரிகை நுனியால் ஒரே புள்ளி. மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு தூவல், முடி காயவைக்கும் மெஷினில் கொஞ்சம் சூடு.

எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

பொம்மையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

வந்தவள் நெடுநேரம் பார்த்தாள். பொம்மையின் மச்சத்தைத் தொட்டாள். பிறகு தன் மச்சத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா, அந்தப் படத்த எடுத்தது நான்."

"தெரியும்மா. அதனாலதான் பக்கம் மாறிப்போச்சு. இப்பதான் சரி பண்ணேன்."

"இல்லைங்க. எடுத்தது நான். படத்துல இருக்கறது அக்கா."

முகக்காரி வந்தவளின் கன்னத்தையும் பொம்மையின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரட்டைப் பிறவிகள். வந்தவள் அதை மெதுவாகச் சொன்னாள். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுதான். மச்சம் மட்டும் பக்கம் மாறி இருக்கும். அதை வைத்துத்தான் அம்மா இருவரையும் பிரித்துப் பார்ப்பாள். அக்கா போன வருஷம் இறந்துவிட்டாள். அம்மாவுக்கு இப்போது நினைவு தங்குவதில்லை. தினமும் இவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, 'எங்கடி இன்னொருத்தி?' என்று கேட்கிறாளாம்.

ஒரு சொட்டு ரிமூவரில், அந்த அம்மா தேடுகிறவளை முகக்காரி அல்லவா துடைத்துவிட்டாள்.

"குடும்மா. இதோ மாத்தித் தரேன்" என்று அவள் கை நீட்டினாள்.

வந்தவள் பொம்மையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண்ணில் நீர் இருந்தது, வாயில் லேசாகச் சிரிப்பும் இருந்தது.

"என் மூஞ்சியத் துடைக்கறத நானே உக்காந்து பாக்கணுமா? இது இருக்கட்டும். அவளுக்குத் தனியா ஒண்ணு வரைங்க. நாங்க எப்பவும் ரெண்டு பேராத்தான் இருந்தோம்."

ஊர் திரும்ப வேண்டிய பஸ் போனால் போகட்டும் என்று, வந்தவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அலமாரியில் அதே ரகத்தில் இன்னொரு பொம்மை துடைத்துத் தயாராக இருந்தது. முகக்காரி அதை எடுத்து மடியில் நிறுத்தினாள். தூரிகையை எடுத்தாள். எல்லாம் முடிந்து கடைசியில் வைப்பதை, இந்த முறை முதலில் வைத்தாள். வலது கன்னத்தில், ஒரே புள்ளி.

கண் இல்லை, மூக்குக்கு நிழல் இல்லை, உதட்டுக்கு நிறம் இல்லை.

நாற்காலியில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"அவதான்" என்றாள்.