ஒரு இடம் காலியானால்

"முடியாதும்மா. இன்னைக்குக் கடைசித் தேதிங்கிறது எனக்கும் தெரியும். நீ கேக்கற காலேஜ்ல இடம் இல்லையே, நான் என்ன பண்ணட்டும்?"

கல்லூரி அலுவலகத்தின் தலைமை எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மாறுதல் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'முடியாது சார்'. அது அவருக்கும் தெரியும். பொய்யாகவா வைத்தார்கள் என்று சும்மா இருந்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண் நகரவில்லை. வேதியியல், இரண்டாம் ஆண்டு. மூன்று நாளாக அந்த ஜன்னலே கதி என்று நின்றாள்.

"ஒரே ஒரு சீட்டு சார்..."

"சீட்டு என் சட்டைப் பையிலயா இருக்கு? ரெண்டாம் வருஷத்துல புது இடமே கிடையாது. அங்கேருந்து ஒருத்தர் இங்க வந்தாத்தான், இங்கேருந்து ஒருத்தர் அங்க போக முடியும். ஆளுக்கு ஆள், அதுதான் ரூல். ஆமா, இங்க உனக்கு என்ன குறைச்சல்? போன செமஸ்டர்ல நீதானே முதல் மார்க்கு?"

"குறை ஒண்ணும் இல்ல சார். அப்பாவும் அம்மாவும் பிரிஞ்சிட்டாங்க. நான் இங்க அம்மாகிட்ட, தம்பி அந்த ஊர்ல அப்பாகிட்ட. அப்பா வேலை வேலைன்னு பாதி நாள் வெளியூர் போயிடறார். இவன் பிரெட்டைத் தின்னுட்டுக் கிடக்கான். போன மாசம் நாலு நாள் ஜுரம் சார். ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல. எனக்கே அப்புறந்தான் தெரியும்."

எழுத்தருக்கு என்னவோ போலிருந்தது.

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாதான் சார் போகச் சொன்னதே. எனக்கு அக்கம்பக்கம் இருக்கு, அவனுக்கு யார் இருக்கான்னு ஒரே அழுகை."

"தம்பிக்குத் தெரியுமா?"

"மூச்சு விடலை சார். சொன்னா, அம்மாவைத் தனியா விட்டுட்டு வராதேன்னு குதிப்பான். பெட்டியோட போய் வாசல்ல நின்னுட்டா என்ன பண்ணுவான்?"

எழுத்தர் அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அவர் சர்வீசிலேயே செய்யாத காரியமாக, தானே போனை எடுத்து அந்தக் கல்லூரி எழுத்தரைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார்.

"சொல்லி வெச்ச மாதிரி கூப்பிடறீங்களே!" என்றது மறுமுனை. "இங்க ஒரு பையன், உங்க காலேஜுக்கு மாத்திக் குடுங்கன்னு ஒரு வாரமா என் உயிரை எடுக்கறான். அதே கெமிஸ்ட்ரி, அதே ரெண்டாம் வருஷம். விண்ணப்பத்தை அனுப்பவா?"

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக, 'முடியாது சார்' நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

பத்து நிமிடத்தில் பையனின் விண்ணப்பம் பிரின்டரிலிருந்து முக்கி முனகிக்கொண்டு வந்தது. அவர் எப்போதும் மூன்றே கட்டங்களைத்தான் பார்ப்பார். பாடம், ஆண்டு, அரியர். மற்றதெல்லாம் முதல்வர் பாடு.

"பாடம் சரி. வருஷம் சரி. அரியர் இல்ல. யார் பெத்த பிள்ளையோ, நல்ல நேரத்துல வந்து சேர்ந்தான். இந்தா, அவன் விண்ணப்பத்துக்குக் கீழ 'சம்மதம்'னு எழுதிக் கையெழுத்துப் போடு. பிரின்சிபால்கிட்ட நானே வாங்கித் தர்றேன்."

"தெய்வம் சார் நீங்க!"

இத்தனை வருடத்தில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது.

பேனாவை எடுத்துக் குனிந்த பெண், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, பேனா எழுதலையா?"

அவள் நிமிரவில்லை. விண்ணப்பத்தில் 'காரணம்' என்றிருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "'அக்காவுடன் இருக்க'ன்னு போட்டிருக்கான் சார்."

"யாரு?"

"என் தம்பி சார். என்னைவிட ஏழு நிமிஷம் சின்னவன்."