நாலு சக்கரமும் இழுக்கும்

“நாலு சக்கரமும் இழுக்கிற காரை வெச்சுக்கிட்டு எவளாவது பனி டயர் கேப்பாளா?”

மளிகைக் கடையில், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி ரெய்னோ தன் மனைவியைக் கேட்டான்.

“நான் கேப்பேன்,” என்றாள் ஐலி. “நாளைக்கு கிரீன் பே வரைக்கும் ஓட்டப்போறது நான். பொண்ணுக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும், வழியில பள்ளத்துல கிடக்கக் கூடாது. நீதான் வரமாட்டியே.”

“கூரைமேல இடுப்பளவு பனி கிடக்கு. அதை வாராம நானும் வந்துட்டா, திரும்பி வரும்போது வீடு தரையோட தரையா இருக்கும்.”

“அதான் சொல்றேன். டோய்வோ கடையில பனியில வழுக்காத டயர் நாலு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள போனா மாட்டிக் கொடுத்துடுவான்.”

“டோய்வோ டயர் விக்கிறவன். பனி டயர் வேண்டாம்னு அவன் சொல்லுவானா? இந்த வண்டியைச் செஞ்சவன் என்ன முட்டாளா?”

“செஞ்சவன் முட்டாள் இல்லை. வாங்கினவனைப் பத்தி எனக்குச் சந்தேகம் இருக்கு.”

கல்லாவில் இருந்த பெண் சிரிப்பை அடக்க இருமினாள். ரெய்னோவுக்குக் காது சிவந்துவிட்டது.

“சரி, இப்பவே பார்த்துடலாம். நம்ம வீட்டு மேட்டுல ஒரே ஒரு தடவை வழுக்கட்டும், நேரா டோய்வோகிட்ட போறோம். வழுக்கலைன்னா, நாளைக்கு நீ இப்படியே கிளம்பணும். டயர்ங்கிற பேச்சே வரக் கூடாது.”

“என் உயிரை வெச்சுப் பந்தயமா?”

“உன் உயிர் மட்டுமா? என் மானமும்தான்.”

“அப்போ என் பக்கம்தான் பணயம் அதிகம். சரி, வா.”

வெளியே சுப்பீரியர் ஏரிக் காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாத அந்தக் குளிரில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கடைக்குள் போக யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. சாவியோடு உறுமிக்கொண்டு நின்ற கார்களுக்கு நடுவே புகுந்து, கண்ணாடியில் அப்பியிருந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு ரெய்னோ ஏறினான். ஐலி பைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர்கள் வீட்டுக்குப் போகும் மேடு ஊரிலேயே பேர்போனது. குளிர்காலம் வந்தால் தபால்காரர் கடிதங்களைக் கீழே உள்ள வீட்டிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

மேடு ஆரம்பித்ததும் ஐலி கையுறையால் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

“கண்ணைத் திற! இந்த அழகை யாரு பார்க்கிறது?”

“செத்தா தெரியப்போகுது, எதுக்குப் பார்க்கணும்?”

“இதோ, முதல் வளைவு. முன் சக்கரம் இழுக்குது, பின் சக்கரம் தள்ளுது. இடுப்புல தெரியுதா?”

“இடுப்புல இத்தனை வருஷமா வலிதான் தெரியுது.”

கார் ஒரே சீராக ஏறியது. ரெய்னோவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நட்டநடு மேட்டில் வேண்டுமென்றே பிரேக் போட்டான். கார் சொன்ன இடத்தில் நின்றது.

“ஐயோ, ஏன்யா நிறுத்தினே?”

“இப்ப கிளப்பிக் காட்டறேன் பாரு. ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியா இருந்தா, இங்கேருந்து பின்னாடியே சறுக்கி மளிகைக் கடை வாசல்ல போய் நின்னிருப்போம்.”

மெல்ல மிதித்தான். ஒரு சக்கரம்கூட வெறுமனே சுற்றவில்லை. ஆடு மலையேறுவது போல் ஏறி, வீட்டு வாசலில் வந்து நின்றது.

ரெய்னோ இறங்கி, காரின் மூக்கில் முத்தம் கொடுத்தான். அந்தக் குளிரில் உதடு இரும்போடு ஒட்டிக்கொள்ளாமல் இருந்தது அவன் அதிர்ஷ்டம்.

“ஒத்துக்கோ,” என்றான்.

“ஒத்துக்கிட்டேன்,” என்றாள் ஐலி. முகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மேட்டிலேயே வழுக்காத வண்டி நெடுஞ்சாலையில் வழுக்கிவிடுமா என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். மளிகைச் சாமானை அடுக்கி, காபி குடித்து, ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து டயர் கடைக்குப் போன் போட்டாள்.

“டயர் வேண்டாம்னு சொல்லு. அப்படியே, என் புருஷன் சொன்னதுதான் சரின்னும் சேர்த்துச் சொல்லு,” என்று ரெய்னோ பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தான்.

எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே மேட்டில் மஞ்சள் விளக்கு சுழன்றது. சக்கரங்களில் சங்கிலி கட்டிய இழுவை வண்டி ஒன்று, ஒரு சாம்பல் நிறக் காரைத் தொங்கவிட்டுக்கொண்டு திணறித் திணறி ஏறி வந்தது. ஓட்டி வந்தவர் தலையை நீட்டினார்.

“ரெய்னோ, உன் காரைக் கொண்டு வந்திருக்கேன். எங்கே இறக்கட்டும்?”

“என் காரா? அதோ நிக்குதே!”

“அது நம்ம சர்ச் பாஸ்டரம்மாவோடது. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கலர், ரெண்டு மேலயும் பனி. கடை வாசல்ல நீ அவங்களுதை எடுத்துட்டு வந்துட்டே. மிச்சம் நின்னதை அவங்க எடுத்துட்டு, மேல ஒரு நோயாளிக்கு ஜெபம் பண்ணக் கிளம்பியிருக்காங்க. முதல் வளைவுலயே நாலு சக்கரமும் ஒண்ணா சுத்தி, ஒண்ணா வழுக்கி, ஒண்ணா பள்ளத்துல இறங்கிடுச்சு.”

ரெய்னோ தான் முத்தம் கொடுத்த காரைப் பார்த்தான்.

“அப்போ... இது?”

“அது முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிப்பா. என்ன, நாலு பனி டயர் போட்டிருக்காங்க.”

“ஹலோ, டோய்வோ பேசறேன்,” என்றது போன். ஐலி அதை அப்படியே கணவன் கையில் கொடுத்தாள்.

இழுவை வண்டியிலிருந்து, தொப்பி முதல் பூட்ஸ் வரை பனி அப்பிய பாஸ்டரம்மா ஹில்யா இறங்கினார். ஞாயிறுதோறும் பிரசங்கத்தை நிறுத்தத் தெரியாமல் ஊரையே பசியோடு உட்கார வைக்கிறவர், ரெய்னோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் காரில் ஏறி, அந்த மேட்டில் கொஞ்சமும் வழுக்காமல் நோயாளி வீட்டை நோக்கி ஏறிப் போனார்.