கொட்டகைக்குள் ஒரு சிரிப்பு

மூடிக் கிடந்த தெருக்கோடி சினிமா கொட்டகைக்குள் ஒரு பெண் சிரிப்பதைப் பிலோமினா பலமுறை கேட்டிருக்கிறாள், அதுவும் பட்டப்பகலில். செல்போனில் பதிவு செய்தால் புறாச் சத்தம் மட்டும்தான் இருக்கும். கூட வந்து கேட்க ஆள் தேடினாள். ஒருவன் எலுமிச்சம்பழத்தோடு பேயோட்ட வந்தான். இன்னொருவன் அவளையே வீடியோ எடுத்துக் கேலிப்பொருளாக்கினான். தெருவில் அவளுக்குப் பைத்தியம் என்றே பெயராகிவிட்டது.

தையல்கடை ஜரீனாதான் கடைசியில் வந்தாள். "எனக்குப் பேய்மேல நம்பிக்கையில்லக்கா. ஆனா நீங்க பொய் சொல்ற ஆளில்ல. வாங்க, போய்க் கேப்போம்."

கதவு போன வாசலோரம் கிழிந்த நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. இவளும் எழுந்து போய்விடுவாள் என்று பிலோமினா நினைத்தபோது உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. பிலோமினா ஜரீனாவையே பார்த்தாள்.

ஜரீனாவின் தலை மெல்லத் திரும்பியது. "அக்கா... திரைக்கு இடதுபக்கம்தானே?"

எந்தப் பக்கம் என்று பிலோமினா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த நொடி, புறாக்களெல்லாம் படபடவென்று கிளம்ப, பிலோமினா வாய்விட்டுச் சிரித்தாள்.

"எந்திரிடி!" என்று ஜரீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இத்தனை காலமும் வாசலைத் தாண்டாதவள், திரையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.