ஜெமாலின் சுட்டுவிரல்

மறுபடியும் கிழவர் ஜெமாலின் சுட்டுவிரல் எழுந்தது.

தன்பூர் என்ற துருக்கித் தந்தி வாத்தியத்தில் முதல் வரி கூட முடியவில்லை. மாஹிருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, இன்னும் சத்தம் இருக்குதாம்" என்றாள் ஸமீரா. துருக்கியில் படித்துவிட்டு ரங்கூனுக்குத் திரும்பிய பெண். கிழவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவள்தான், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவர் வாசிப்பதைப் பதிவு செய்வதும் அவள்தான்.

மாஹிர் மின்சார வேலை செய்கிறவன். போட்டாதாங் படகுத்துறைக்கு எதிரே இருந்த இந்த மாடி அறைக்கு ஜெனரேட்டர் ஓட்ட வந்திருந்தான். ஓட்ட வந்தவனைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்த வைத்துக்கொண்டிருந்தார் கிழவர்.

முதலில் ஜெனரேட்டர். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடும், விசிறிதானே போகும், போகட்டும் என்று கீழே போய் நிறுத்தினான்.

விரல் எழுந்தது.

ஊர்க் கரண்டு வந்தது. 'மீ லா பி', வந்தாச்சு என்று தெருப்பிள்ளைகள் கூவினார்கள். மூலையில் கிடந்த ஃபிரிட்ஜ் உறுமியது. மெயினையே இறக்கினான்.

விரல்.

சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினான். ஜன்னல்களைச் சாத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் பிரேம்நாத்தின் கடை. அவருடைய ஐஸ் பெட்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். உருகினால் அத்தனையும் நீயே தின்ன வேண்டும் என்று திட்டிக்கொண்டே நிறுத்தினார்.

மூச்சு முட்டும் புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேலே வந்து நின்றால், அதே விரல்.

பெரிய மனிதர், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஸமீரா முன்பே சொல்லியிருந்தாள். ஆயுள் முழுக்க இஸ்தான்புல்லில் வாசித்தவராம். அவர் அமைத்த இசையை அங்கே மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்களாம். இருக்கட்டும். அதற்காக ஊரையே ஊமையாக்க முடியுமா?

ஆனால் மனிதர் எதற்கு வந்தார் என்று நினைத்தால் கோபம் பாதியில் நின்றுவிடும். அவர் தாத்தா முதல் உலகப் போரில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, கைதியாகப் பர்மாவுக்கு வந்து, தயெட்மியோவில் மௌத்தானவர். அந்தக் கபருக்கு முன்னால் வாசிக்கவென்றே ஒன்றை இசையமைத்துக்கொண்டு வந்திருந்தார். நாடு இருக்கிற இருப்பில் அங்கே போக அனுமதி கிடைக்கவில்லை. அலைந்து பார்த்துவிட்டார். சாயங்காலம் மிங்கலாடோனில் விமானம்.

கபருக்குத்தான் போக முடியவில்லை. தாத்தாவைப் புதைத்த நாட்டிலாவது அதை ஒரு தடவை முழுதாக வாசித்துப் பதிந்துகொண்டு போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இதில் பெரிய கொடுமை, கிழவர் சொல்வது பொய்யும் இல்லை. மாஹிருக்கும் அது கேட்டது. மெல்லிசாக, கொசு மாதிரி, விடாமல் ஒரு 'ங்ஙீ'. ஒவ்வொரு முறையும் "எனக்கும் கேக்குது, இரு பார்க்கிறேன்" என்று அவனே சொல்லித் தொலைத்தான்.

அவனுக்குப் பழக்கமான சத்தம்தான். அவன் வீட்டுக்கு மேலே குடியிருக்கும் சொர்ணம்மாளின் தண்ணீர் மோட்டார் ராத்திரியெல்லாம் இப்படித்தான் கத்தும். அணைத்துவிட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்வாள். சத்தம் மட்டும் நிற்காது. போன வாரம் வாய்ச்சண்டை முற்றி, பொய்ச் சத்தியம் செய்கிறவள் என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வந்தான்.

ஜெமால் மீண்டும் தொடங்கினார். ஒரு வரி தாண்டியது. மாஹிர் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

விரல்.

இந்தத் தடவை கிழவர் தன்பூரை மடியில் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஸமீராவுக்கும் பொறுமை போய்விட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

"மாமா, இதுல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். ஒண்ணுமே இல்லை. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எங்கேருந்து கேக்குது?"



மாஹிர் இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினான்.

ஸமீராவின் உதடு அசைவது தெரிந்தது. குரல் கேட்கவில்லை. 'ங்ஙீ' மட்டும் கேட்டது, முன்னைவிடத் தெளிவாக.

கையை எடுத்தபோது ஜெமால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அப்புறம் மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கி, தன் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

ஒரு மனிதரின் முகம் அப்படிச் சிறுத்துப்போவதை மாஹிர் பார்த்ததில்லை. அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவனுடைய காதைத் தின்றது, வருஷக்கணக்காக அவன் ஓட்டிய ஜெனரேட்டர். அவருடையதை எது தின்றதோ.

ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியும். ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்கும்போது அந்தச் சத்தம் அவனுக்கு ஒரு நாளும் கேட்டதில்லை.

படியிறங்கிப் போய்க் கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

மேலே ஜன்னல் திறந்தது. "மாமா! ரெக்கார்டிங்ல விழுமே!"

"விழட்டும்மா. அவரை வாசிக்கச் சொல்லு."

ஸமீரா உள்ளே திரும்பி ஏதோ கேட்டாள். பிறகு ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஜெனரேட்டர் பக்கத்தில் குந்திக்கொண்டு, எந்த நிமிஷமும் கூப்பிடுவாள் என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான் மாஹிர். கீழே அந்த இரைச்சலில் தன்பூர் துளியும் கேட்கவில்லை. வெகுநேரமாகியும் ஜன்னல் திறக்கவில்லை.

முழுதாக வாசித்துவிடுவார்.

சொர்ணம்மாளிடம் போய் என்ன சொல்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.