கப்பலில் ஒரே ஒரு குறை

லைஃப்போட் எஞ்சின் ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது. சீஃப் எஞ்சினியருக்கு அழுகை வந்தது.

பாழாய்ப்போன எஞ்சின், இன்றைக்கு ஒரு நாளாவது மக்கர் பண்ணித் தொலைத்திருக்கலாம்.

படகுத் தளத்திலிருந்து பார்த்தால் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. மொட்டைமாடியில் வரிசையாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. ஆஸ்பத்திரி. அதில் ஏதோ ஓர் அறையில் அவருடைய மகள். மகளுக்குப் பக்கத்தில் நேற்றுப் பிறந்த பேத்தி.

கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் வணிகக் கப்பல் சட்டம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

சோதனை முடியும்வரை எஞ்சினியர் இறங்க முடியாது. முடிந்துவிட்டாலோ இறங்க நேரமில்லை. சாயங்காலம் கடல்மட்டம் ஏறியதும் கப்பல் புறப்பட்டாக வேண்டும், சான்றிதழ் பெற்ற எஞ்சினியர் இல்லாமல் சரக்குக் கப்பல் நகரக் கூடாது, இந்தக் கப்பலுக்கு இருப்பதோ இவர் ஒருத்தர்.

அடுத்த தடவை இந்தத் துறைமுகத்துக்கு வரும்போது பேத்தி நடந்துவந்து, நீங்க யாரு என்று கேட்பாள்.

ஒரே ஒரு குறை அகப்பட்டால் போதும். அதைச் சரிசெய்யும்வரை புறப்படத் தடை. ஒரு ராத்திரி கிடைத்துவிடும்.

கப்பலைப் பரிசோதிக்க வந்திருந்த சர்வேயர் அம்மா குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு. அவரே காலையிலிருந்து கப்பலைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை.

எப்படி அகப்படும்? விடியும் முன்பே சீஃப் தன் வழக்கமான சுற்றை முடித்திருந்தார். படகு இறக்கும் இடத்து விளக்கில் பல்பைக் காணோம். தீயணைப்புக் குழாயின் பித்தளை மூக்கைக் காணோம். லைஃப்போட்டின் டீசல் வால்வை எவனோ இறுக்கி மூடி வைத்திருந்தான். சோதனை அன்றைக்கா இந்த லட்சணம் என்று தாம்தூமென்று குதித்து, சமையல்காரர் முதல் கேப்டன் வரை எல்லோரையும் ஒரு பிடி பிடித்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே சரிசெய்துவிட்டார்.

குறையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கை வேலையை முடித்த பிறகுதான் மூளைக்குப் பேத்தி ஞாபகம் வந்தது.

இதோ, கடைசிச் சோதனையும் தேறியாயிற்று.

சர்வேயர் அம்மா பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. சமையல்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலுமிகள் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

எஞ்சின் கிளம்பியதற்குத் துக்கம் கொண்டாடுகிற கப்பலை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அவர். என்ன விஷயம் என்று கேட்டார்.

சமையல்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. வெள்ளைக் கட்டடத்தைக் கைகாட்டி, பேத்தி விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சட்டத்தில் பேத்திக்கென்று பிரிவு எதுவும் கிடையாது. அவர் சீஃபின் சிவந்த கண்களையே பார்த்தார்.

"நீங்க கடைசியா எப்போ தூங்குனீங்க?"

சீஃப் யோசித்தார். ராத்திரி முழுக்கப் பம்பு ரிப்பேர். அதற்கு முந்தின ராத்திரி புயல். தூங்கவே இல்லை என்ற உண்மையைச் சொன்னார். பொய் சொல்ல அவருக்கு வராது.

அம்மா பேனாவை மூடினார்.

"கப்பல்ல ஒரு குறையும் இல்ல. நீங்கதான் குறை. ஓய்வு நேரம்னு சட்டத்துல இருக்குல்ல? நீங்க போய் நல்லாத் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் இந்தக் கப்பல் நகரக் கூடாது."

கேப்டன் முந்திக்கொண்டார். சீஃபின் அறை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்தச் சத்தத்தில் மனுஷன் கண் மூட முடியாது, கரையில்தான் எங்காவது படுக்க வேண்டும் என்று வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் போலச் சொன்னார். ஜெனரேட்டர் சத்தம் நின்றால்தான் சீஃபுக்குத் தூக்கம் கலையும் என்பது கப்பலில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியென்றால் கரையிலேயே தூங்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா படியிறங்கினார்.

படகுத் தளமே அதிர்ந்தது. யாரோ சீஃபைத் தூக்கிச் சுற்றினார்கள். அவருடைய சட்டையில் இருந்த கிரீஸ் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது. கேப்டனுக்கு வாயெல்லாம் பல். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார்.

கைக்குட்டையோடு ஒரு பல்பும் வந்து, அங்கே கிடந்த கயிற்றுச் சுருளில் விழுந்து, உருண்டு, சீஃபின் கால் பக்கத்தில் நின்றது.

சீஃப் அதை எடுத்தார். பழக்கதோஷம், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். நல்ல பல்புதான்.

நிமிர்ந்தார். கேப்டன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் எதையோ துண்டுக்குள் மறைத்தார். துண்டின் ஓரத்தில் பித்தளை பளபளத்தது. டீசல் வால்வை மூடியவன் யாரென்று மட்டும் தெரியவில்லை. எல்லோருமே தலையைக் குனிந்து நின்றதால் எவனாகவும் இருக்கலாம்.

காலையில் இவர்களையா அப்படித் திட்டினேன் என்று சீஃப் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பும் கண்ணீருமாகப் படியிறங்கி ஓடினார். கால் தரையில் பாவவில்லை.

முதல் தடவை பேத்தியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று பாதி வழியில்தான் உறைத்தது. கையைப் பார்த்தார்.

பல்பு இருந்தது.