கறுப்புத் துணிக்குள்

இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற பழைய மரக் கேமரா அன்றுதான் தயாரானது. விரிந்து சுருங்கும் தோல் மடிப்புகளில் இருந்த ஓட்டைகளை எல்லாம் வேதமுத்து அடைத்துவிட்டார். பின்பக்கத்துக்குப் புதிதாக, உருவம் விழும் மங்கல் கண்ணாடியும் பொருத்தியாயிற்று. முதல் படத்துக்காக மனைவி அமலியை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். கண்ணாடியில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள்.

“இப்ப உங்க மூஞ்சி தெரியல. அதனால சொல்லிடுறேன்,” என்றாள் அமலி. “நாளைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே திரும்பி வரமாட்டேன்.”

துணிக்குள் அவர் கேமராவின் திருகை மெல்லத் திருப்பினார். கண்ணாடியில் அவள் முகம் தெளிவானது.

“ஏன்னு கேக்காதீங்க. இத்தனை வருஷத்துல நீங்க என்னை இவ்வளவு நேரம் பார்த்ததே இன்னைக்குத்தான்.”

கன்னத்து மச்சம்கூடக் கண்ணாடியில் துல்லியமாக விழுந்திருந்தது. துணியை விலக்கினால் அவள் எழுந்துவிடுவாள். வேதமுத்து கேமராவின் திருகைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“இன்னும் தெளிவா விழல,” என்றார். “கொஞ்ச நேரம் அசையாம இரு.”

“சரி,” என்றாள் அமலி. அசையாமல் இருந்தாள்.