நீலப் பெயின்ட்

"யாரைக் கேட்டு இதைச் சுரண்டினீங்க?"

பெயின்டர் போட்ட சத்தத்தில் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமை மெக்கானிக் மட்டும் திரும்பவில்லை. புது ரேஸ் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த தகட்டால் கர் கர்ரென்று சுரண்டிக்கொண்டிருந்தார். காலடியில் நீலப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது.

"அண்ணே, உங்களைத்தான் கேக்கறேன்."

"காது நல்லாத்தான் கேக்குதும்மா."

"சோறு தண்ணி இல்லாம அடிச்ச பெயின்ட். நேத்து சாயந்தரம்தான் பாலிஷ் போட்டு முடிச்சேன். நல்லா இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கனம்."

"பெயின்ட் கனமா?"

"நீ காலி பண்ணின டப்பாவுல இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கற? இந்த வண்டி மேலதான் உக்காந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். பெயின்டர் முறைத்த முறைப்பில் சிரிப்பு அடங்கியது.

சீசன் தொடங்க இன்னும் சில நாள்தான். பட்டறையில் ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தால் நாலு பேர் எரிந்து விழுந்தார்கள். முதலாளி போனைக் காதில் வைத்தபடி நடந்த நடையில் தரையே தேய்ந்துவிடும் போலிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் எடை. இந்தப் பந்தயத்தில் டிரைவரை உள்ளே உட்காரவைத்து, காரோடு சேர்த்துத்தான் எடை போடுவார்கள். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள். மேலே போனால் வேகம் குறையும். சரியாக எல்லையில் வந்து நிற்க வேண்டும்.

புது கார் எல்லையைத் தாண்டி நின்றது. எஞ்சினைக் குறைக்க முடியாது, சக்கரத்தைக் குறைக்க முடியாது. சுற்றிலும் பார்த்த முதலாளியின் கண் கடைசியில் டிரைவர் மேல் விழுந்தது.

"எடையில நீ இறங்கிடுப்பா."

இறங்கினான். வெள்ளரிக்காயும் தண்ணீருமாகவே இறங்கினான். ஆள் இளைக்க இளைக்க அவனுக்குக் குச்சி என்று பேர் வந்தது. மெக்கானிக் தினமும் காலையில் அவனை உதிரிப் பாகத்தைப் போல எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கல்நெஞ்சக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

நேற்று எண் கச்சிதமாக எல்லையில் வந்து நின்றது. முதலாளி எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"சீசன் முடியற வரைக்கும் இப்படியே இருந்துக்கோ" என்று குச்சியின் முதுகில் தட்டினார்.

அத்தோடு முடிந்த விஷயத்துக்குத்தான் இன்று பெயின்ட் பலியாகிக்கொண்டிருந்தது.

"வண்டியைப் போட்டோ எடுக்க இன்னைக்கு ஆள் வராங்க" என்றாள் பெயின்டர். "சார் வரட்டும். நீங்களா நானான்னு பாத்துடறேன்."

முதலாளி வந்தார். நீலத்துக்கு நடுவே, பெயின்ட் போன இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு. போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்னய்யா இது, சொறி புடிச்ச மாதிரி?"

"எடை போட்டுப் பாத்துடுங்க சார்" என்றார் மெக்கானிக்.

காரை எடை மேடைக்குத் தள்ளினார்கள். குச்சி விளிம்பைப் பிடித்து ஏறினான். பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு உள்ளே இறங்கினான்.

திரையில் எண் சிவப்பாக வந்தது.

"கெடுத்தியே" என்று தலையில் கை வைத்தார் முதலாளி. "எல்லைக்குக் கீழ போயிடுச்சு. இப்படியே கொண்டு போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான். நேத்து சரியா இருந்ததை ஏன்யா நோண்டின?"

பெயின்டருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப ஈயக்கட்டியை வச்சு ஒப்பேத்தணும். எடுத்துட்டு வாங்க."

"ஈயம் வேண்டாம் சார்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்து, திறந்து, காருக்குள் இருந்தவன் மடியில் வைத்தார்.

"இறங்காத. அங்கயே சாப்பிடு. குறையறதை நீதான் நிரப்பணும்."

குச்சி முதலாளியைப் பார்த்தான்.

"அவரை ஏன் பாக்கற? பாக்ஸைப் பாரு."

முதலாளி வாயைத் திறந்தார். மெக்கானிக் முந்திக்கொண்டார்.

"நேத்து ஹெல்மெட்டைக் கழட்டினதும் இவனுக்குக் கண்ணு இருட்டிடுச்சு சார். நான் புடிக்கலைன்னா விழுந்திருப்பான். நின்ன வண்டியில இருட்டினது, ஓடற வண்டியில இருட்டினா? இவன்கிட்டச் சுரண்ட இனி ஒண்ணும் இல்ல. வண்டியிலதான் இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

முதலாளி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குச்சி முதல் வாயை எடுத்தான். மென்றுகொண்டே இருந்தான், விழுங்க மனசே வராதவன் மாதிரி. அப்புறம் அள்ளி அள்ளித் தின்றான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. யாரும் அவனைப் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

பெயின்டர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து தரையில் கிடந்த தகட்டை எடுத்தாள்.

"நகருங்க அண்ணே. முன்பக்கம் இன்னும் நிறைய பெயின்ட் இருக்கு. இவனோட ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் சுரண்டறேன்."